கடற்கரையில் குப்பை பொறுக்குவதால் கடலுக்கு என்ன லாபம்?

வாசகர் கேள்வி, 2025 செப்டம்பர் 21, காலை

நேற்று உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள். கையுறை, பதாகை, ஒரே நிற டி-சர்ட், குழுப்படம். இன்று காலை போய்ப் பார்த்தால் அலை ஒதுக்கிய இடத்தில் அதே குப்பை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் இந்த வேலையால் கடலுக்கு என்ன லாபம்? எண்களோடு யாராவது சொல்லுங்கள். உணர்ச்சி வேண்டாம்.

செப்டம்பர் 21, இரவு

எண் கேட்டீர்கள், தருகிறேன். 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2010-ஆம் ஆண்டில் மட்டும் 192 கடலோர நாடுகளிலிருந்து 48 லட்சம் டன் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்று மதிப்பிட்டது. அதன் பக்கத்தில் நேற்று நாங்கள் கட்டிய சாக்குகளை வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எடையில் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எடையை வைத்து ஏன் பார்க்கிறீர்கள்?

இந்தத் தூய்மை நாள் தொடங்கிய கதையைப் பாருங்கள். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். 2,800 பேர் வந்தார்கள். அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் எழுதச் சொன்னார்கள். மூடி எத்தனை, கயிறு எத்தனை, பை எத்தனை என்று. அந்த அட்டைதான் வேலையின் உயிர். சாக்கு அதன் உபபொருள்.

நேற்று எடுத்த குழுப்படங்களில் எத்தனை பேர் கையில் அட்டை இருந்தது என்று கேட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

செப்டம்பர் 22

டி-சர்ட்டைப் பற்றி நாலைந்து பேர் கேலி செய்திருக்கிறீர்கள். முழு உரிமையும் உண்டு. பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிர்ந்து சாக்கடை வழியாகப் போகிறது. அந்தத் துணியில் ‘கடலைக் காப்போம்’ என்று அச்சடித்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்புகிறார்கள். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது அடுத்த ஆண்டு பதாகையைத் துணியில் செய்தார்கள். பாட்டில் மட்டும் தொடர்கிறது.

செப்டம்பர் 24

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

யாருக்கும் அது பிடிப்பதில்லை. குனிந்து எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். பக்கத்தில் நின்று கோடு போட ஒருவரும் வரமாட்டார். பென்சில் முனை உடையும், தாள் காற்றில் பறக்கும், இது மூடியா மூடியின் வளையமா என்று தகராறு வரும். சாக்கு நிறைவதில் கிடைக்கும் திருப்தி இதில் கிடையாது.

ஆனால் சாக்கு மறைப்பதை அட்டை காட்டிக்கொடுக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு குச்சியைச் சேர்த்தாலும் ஒரு செருப்பின் எடைக்கு வராது. கடற்கரையில் நடப்பவர் கண்ணிலும் படாது. பிரிட்டனின் கடற்கரைகளில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கோடு போட்டு எண்ணியதில் அது மீண்டும் மீண்டும் வந்தது. கடற்கரைக்கு வந்து யாரும் காது குடைவதில்லையே! கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் சல்லடையில் அது நீளவாக்கில் நழுவிவிடுகிறது. ஆக, அந்தக் குச்சி கடற்கரைக்கு வருபவரின் குற்றமே இல்லை. எத்தனை குப்பைத் தொட்டி வைத்தாலும் குறைந்திருக்காது. பிளாஸ்டிக் குச்சிக்கு ஸ்காட்லாந்து 2019-இலும் இங்கிலாந்து 2020-இலும் தடை போட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் சட்டமும் இதே வழியில் பிறந்தது. தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், கலக்கும் குச்சி, பலூன் குச்சி, பஞ்சுக் குச்சி எல்லாம் 2021 ஜூலை முதல் விற்பனையிலிருந்து போயின. எதைத் தடைசெய்வது என்று யாரோ உட்கார்ந்து ஊகிக்கவில்லை. கடற்கரைகளில் எண்ணி எண்ணி, அதிகம் கிடைத்தவற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 25

“அப்படியானால் எண்ணிவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வரலாமே?” என்று ஒருவர். குறும்புதான், ஆனால் நல்ல கேள்வி.

கூடாது. காலிச் சங்கைத் தேடி அதற்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் செய்தது. கரையில் கிடக்கும் திறந்த பாட்டிலுக்குள் நண்டு நுழைகிறது. வழுக்கும் சுவர் என்பதால் ஏறி வெளியே வர முடியாமல் சாகிறது. துறவி நண்டு செத்தால் அதன் வாசனை மற்ற நண்டுகளுக்கு ‘இங்கே ஒரு சங்கு காலியாக இருக்கிறது’ என்ற அறிவிப்பு. சங்கு தேடி அடுத்தது வருகிறது, அதுவும் விழுகிறது. கோகோஸில் சுமார் 5,08,000 நண்டுகளும் ஹெண்டர்சனில் 61,000 நண்டுகளும் இப்படிச் சிக்கியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஹெண்டர்சனில் மனிதரே வசிப்பதில்லை.

இதைப் படித்த பிறகு நான் குனியும் வரிசை மாறிவிட்டது. முதலில் வாய் திறந்த பாட்டில், டப்பா. அடுத்தது தெர்மாகோல், ஏனென்றால் அது நாளைக்குக் கையில் பிடிக்க முடியாத பொடியாகிவிடும். வெயிலில் வெளுத்து நொறுங்கத் தொடங்கிய வாளித் துண்டும் அப்படித்தான். இன்று எடுத்தால் ஒரு பொருள், அடுத்த ஆண்டு எடுக்கவே முடியாது. பெரிய மரப்பெட்டி, டயர் எல்லாம் காத்திருக்கட்டும்.

21-ஆம் தேதி எடையை ஒரேயடியாக ஒதுக்கியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். எவ்வளவு எடுத்தோம் என்பது அற்பம். எதை, எப்போது எடுத்தோம் என்பது அற்பமில்லை.

செப்டம்பர் 28

நேற்று ஒரு பள்ளிக் குழு. உற்சாகமான பிள்ளைகள். ஆளுக்கொரு வாருகோலோடு வந்து, அலை ஒதுக்கிய கடற்பாசி, சிப்பி, மரத்துண்டு எல்லாவற்றையும் குப்பை என்று வாரிக் கட்டிவிட்டார்கள். கரை வழித்துவிட்ட பாத்திரம் போல இருந்தது. ஆசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடற்பாசி குப்பை இல்லை. அதற்கடியில் மணல் தத்துப்பூச்சிகள் இருக்கின்றன, அவற்றைத் தின்னக் கரையோரப் பறவைகள் வருகின்றன. மணல் பறக்காமல் பிடித்து வைப்பதும் அதுதான். கலிஃபோர்னியாவில் குரூனியன் என்றொரு மீன் உயர் ஓதத்தின்போது, அதாவது கடல் ஏறி நிற்கும் வேளையில், கரையேறி மணலுக்குள் முட்டையிடும். அதற்காகவே முட்டைப் பருவத்தில் உயர் ஓதக்கோட்டுக்குக் கீழே கரையை வாரும் இயந்திரம் ஓட்டக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. நாலு சக்கர இயந்திரம் ஒரே காலையில் கரையைச் சலவை செய்துவிடும் என்று மயங்கும் நகராட்சிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கையால் எடுங்கள். மணற்குன்றில் பாதி புதைந்த கயிற்றை இழுக்காதீர்கள். வெளியே தெரிவதை வெட்டி எடுங்கள், மிச்சத்தைக் காற்று வெளிக்காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆமை முட்டையிடும் பருவத்தில் தோண்டவே வேண்டாம்.

செப்டம்பர் 29

“கடல் பிளாஸ்டிக்கில் 90 சதவீதம் பத்து ஆறுகளிலிருந்து வருகிறது, அந்தப் பத்தையும் அடைத்தால் தீர்ந்தது” என்று எழுதியவருக்கு.

இந்த வாக்கியம் சாகவே மாட்டேன் என்கிறது. 2017-இல் வந்த ஆய்வு சொன்னது வேறு. ஆறுகள் வழியாகப் போகும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் வரை பத்து ஆறுகளில் போகிறது என்பது அதன் மதிப்பீடு. கடலோரத்திலிருந்து நேரடியாக விழுவதும் படகிலிருந்து விழுவதும் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘ஆறுகள் வழியாக’ என்ற சொற்கள் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டன. பிறகு 2021-இல் இன்னும் நுணுக்கமான கணக்கு வந்தது. ஆறுகள் கொண்டுபோவதில் 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பொறுப்பு என்றது. நகரங்களுக்குள் ஓடும் சின்னஞ்சிறு ஆறுகள் அதில் முக்கியமானவை.

இது கெட்ட செய்தி என்று நினைக்கிறீர்களா? பத்துப் பேராறுகள் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லை, அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆயிரம் ஓடைகள் என்றால் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஓர் ஓடையைப் பார்த்துக்கொள்ள முடியும்.

செப்டம்பர் 29, சற்றுப் பிறகு

பால்டிமோர் துறைமுகத்தில் ஜோன்ஸ் ஃபால்ஸ் என்ற ஓடை கடலோடு சேரும் இடத்தில் 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் நிற்கிறது. ஓடையின் நீரோட்டமே அதைச் சுழற்றுகிறது, நீரோட்டம் போதாதபோது சூரிய மின்சாரம். மிதவைத் தடுப்பு குப்பையை வாய்க்குள் தள்ளும், சக்கரம் அள்ளித் தொட்டியில் போடும். இரண்டு பெரிய உருட்டுக் கண்களை அதற்கு ஒட்டி, பெயரும் வைத்துவிட்டார்கள். ஊரே அதற்கு விசிறி. தொழில்நுட்பம் ஒன்றும் பிரமாதமில்லை. கண்களில்தான் இருக்கிறது சூட்சுமம்.

அக்டோபர் 1

நடுக்கடலில் குப்பை அள்ளும் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் எனக்கு ஆர்வம் குறைவு. நீரோட்டங்கள் மிதக்கும் குப்பையைச் சேர்த்துவைக்கும் பசிபிக்கின் குப்பை மண்டலத்துக்கு 2018-இல் ஓர் அரைவட்ட மிதவையை இழுத்துப் போனார்கள். முதலில் பிடித்த பிளாஸ்டிக் நழுவி வெளியே போனது, ஆண்டு முடிவதற்குள் மிதவையே உடைந்தது. பின்னால் வடிவத்தை மாற்றி இழுவலை போல இழுத்து அள்ளத் தொடங்கினார்கள். நீர்ப்பரப்பிலேயே மிதந்து வாழும் உயிரினங்களும் சேர்ந்து அள்ளப்படுகின்றன என்று கடல் உயிரியலாளர்கள் எச்சரித்தபடியே இருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே 2018-இல் வந்த மற்றோர் எண். அந்த மண்டலத்தில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் எடையில் குறைந்தது 46 சதவீதம் மீன்பிடி வலை. உறிஞ்சுகுழலைத் திட்டித் திட்டி நாம் வலையை மறந்துவிட்டோம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அக்டோபர் 3

வலை.

கடற்கரைத் தூய்மைக் கூட்டங்களுக்கு மீனவர்களைக் கூப்பிடும் விதமே தவறு. ‘விழிப்புணர்வு’ கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். கடலின் அடியில் எந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, வார இறுதியில் மட்டும் கடலைப் பார்க்கும் நாம் என்ன விழிப்பைக் கொடுப்பது? ஒரு முறை இப்படியொரு கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். படம் காட்டிப் பேசியவர் முடித்ததும் வயதான மீனவர் ஒருவர் எழுந்தார். “வலையில் வருவதைக் கொண்டுவருகிறோம். கரைக்கு வந்ததும் அதை யாரிடம் கொடுப்பது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே உண்டு. நெதர்லாந்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு அது. படகுக்குக் கெட்டியான பெரிய சாக்கு இலவசம். வலையில் மீனோடு ஏறும் குப்பையைத் திரும்பக் கடலில் தள்ளாமல் சாக்கில் போட வேண்டும். துறைமுகத்தில் இறக்கினால் அகற்றும் செலவைத் திட்டம் ஏற்கும். மீனவர் பைசா கொடுக்க வேண்டாம். பிறகு ஸ்காட்லாந்து உட்படப் பல இடங்களுக்குப் பரவியது. இவ்வளவுதான் விஷயம். பல துறைமுகங்களில் இன்றும் குப்பையைக் கரையில் கொடுக்கக் கட்டணம், கடலில் போட்டால் கேட்பாரில்லை. கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவது 1988 டிசம்பர் 31 முதல் சர்வதேச விதிப்படி முழுத் தடை. ஆனால் கரையில் வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் அந்தத் தடைக்கு என்ன மதிப்பு?

அறுந்துபோன வலை சும்மா கிடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆளில்லாமலே மீன் பிடிக்கும். சிக்கிய மீனைத் தின்ன வரும் நண்டும் ஆமையும் சிக்கும். வலையைத் தொலைக்க எந்த மீனவருக்கும் ஆசையில்லை, அது அவர் போட்ட முதலீடு. பாறையில் மாட்டும், இழுவைப் படகு அறுத்துப்போகும், புயல் கொண்டுபோகும். ‘எங்கே தொலைந்தது’ என்று தண்டனைப் பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருந்தாலே பாதி வலையைத் தேடி எடுக்கலாம். பாதி என்பது என் ஆசை, கணக்கு இல்லை.

அக்டோபர் 4

சாக்கு எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். ஒரு முறை லாரியின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆற்றங்கரை. வேலி கிடையாது. கடலிலிருந்து எடுத்ததை ஆறு திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் கொட்டினார்கள். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் காட்டிய இடம் அது. அன்றிலிருந்து, கொட்டும் இடம் முடிவாகாமல் தூய்மை நாள் அறிவிக்கும் குழுவோடு நான் போவதில்லை.

மறுசுழற்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உப்பும் மணலும் ஏறி, வெயிலில் வலுவிழந்து, பத்து வகை கலந்து கிடப்பதை ஆலைகள் தொடுவதில்லை. 1950 முதல் 2015 வரை குப்பையாகிப்போன பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம் என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. சுத்தமான நிலப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத்தான் இந்த இலட்சணம்.

‘கடல் பிளாஸ்டிக்கில் செய்த காலணி’ விளம்பரங்களில் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ‘கடலுக்குப் போகக்கூடிய’ பிளாஸ்டிக் என்றிருக்கும். கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் எடுத்தால் அந்தப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். கெட்ட காரியமில்லை. ஆனால் அது கடலைப் பார்த்ததேயில்லை.

அக்டோபர் 9

வெர்சோவாவை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். சொல்கிறேன். மும்பை வெர்சோவா கடற்கரையில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் 2015-இல் தூய்மைப் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஐ.நா. சுற்றுச்சூழல் விருது. 2018-இல் அந்தக் கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்த்தார்கள். எல்லோரும் ஆமையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒவ்வொரு பருவமழையும் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. அவர்களும் வாரந்தோறும் திரும்ப வந்தார்கள். பிறகு கரையை விட்டு மித்தி ஆற்றுக்கும் அதன் ஓரக் குடியிருப்புகளுக்கும் போனார்கள்.

வாரந்தோறும் ஒரே இடத்தில் குனிபவருக்கு இது எங்கிருந்து வருகிறது என்ற எரிச்சல் தானாக வந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் வருபவருக்கு வருவதில்லை.

அக்டோபர் 15

எண் கேட்டு ஆரம்பித்தவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவருக்காக வைத்திருந்தது இது.

இந்த ஆண்டு ஜூனில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவில் சில ஊர்களில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, சில ஊர்களில் கட்டணம், சில ஊர்களில் ஒன்றுமில்லை. எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடற்கரை, ஆற்றங்கரைகளில் தன்னார்வலர்கள் 2016 முதல் 2023 வரை நடத்திய 45,000-க்கும் மேற்பட்ட தூய்மைப் பணிகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் அந்த அட்டைக் கோடுகள்தாம், இப்போது செல்பேசிச் செயலியில். முடிவு: விதி இருக்கும் இடங்களில், எடுத்த பொருட்களில் பையின் பங்கு, விதி இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால் 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு. ‘மெல்லிய பைக்கு மட்டும் தடை, தடித்த பைக்கு அனுமதி’ என்ற அரைகுறைத் தடைகள்தாம் மிகக் குறைவாகப் பலன் தந்தவை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விதி உள்ள ஊர், இல்லாத ஊர் இரண்டிலும் பைகளின் பங்கு கூடிக்கொண்டேதான் போகிறது. விதி உள்ள ஊரில் மெதுவாகக் கூடுகிறது. அவ்வளவே.

அடுத்த முறை கடையில் யாராவது “பை தடையால் என்ன ஆகிவிட்டது?” என்று கேட்டால், விடை சொல்லக்கூடிய தகவல் வேறெந்த அலுவலகத்திலும் இல்லை. குனிந்து எண்ணியவர்களிடம் இருந்தது.

அக்டோபர் 16

“பிளாஸ்டிக்குக்கு உலக ஒப்பந்தம் வரட்டும், அதுவரை இதெல்லாம் பொழுதுபோக்கு” என்பவருக்கு: 2022 மார்ச்சில் நைரோபியில் ஒப்பந்தம் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். 2024 முடிவதற்குள் வர வேண்டியது. தென்கொரியாவின் பூசானில் பேசியும் முடியவில்லை, இந்த ஆகஸ்டில் ஜெனிவாவிலும் முடியவில்லை. உற்பத்தியைக் குறைப்பதா, கழிவை மட்டும் கையாள்வதா என்ற இடத்திலேயே நிற்கிறது. காத்திருங்கள். காத்திருக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அக்டோபர் 20

எப்படித் தொடங்குவது என்று தனியாகக் கேட்ட இளைஞர்களுக்கு, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே.

ஒரே இடத்தில் 100 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். நிலையான அடையாளம் வேண்டும், மின்கம்பம், பாறை, எதுவானாலும். வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் எண்ணுகின்றன, பருவத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு நான்கு. இறங்கு ஓதத்தில் போங்கள். இருவர் எடுக்க, ஒருவர் எழுத வேண்டும். எழுதுபவர் குனியக் கூடாது, குனிந்தால் எண்ணிக்கை தப்பும். எழுத்து தெரிகிற துண்டு, பட்டைக்குறியீடு தெரிகிற உறை கிடைத்தால் படம் எடுத்துவையுங்கள், யாருடைய பொருள் என்று கேட்க உதவும். ஊசி, மருந்துக் கண்ணாடி கிடைத்தால் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான டப்பாவில் தனியாக வையுங்கள். சாக்கில் போட்டால் அதைத் தூக்குபவர் தொடையில் குத்தும்.

ஒன்றும் கிடைக்காத வரிக்குப் பூஜ்யம் போடுங்கள், காலியாக விடாதீர்கள். பார்த்தும் இல்லையா, பார்க்கவே இல்லையா என்று பிறகு படிப்பவருக்குத் தெரியாது.

டி-சர்ட் அச்சடிக்க வேண்டாம்.